லினக்ஸை அடுத்த வெளியீட்டுக்கு ஏற்றும்போது உள்ளே நடப்பது என்ன, உடைவது எது?

உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் வெளியீட்டுக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. மறுநாள் காலை அந்தக் கணினிகள் எதுவும் நின்றுபோகவில்லை. பிரவுசர் திறந்தது, பாட்டு ஓடியது, பிரிண்டர் அச்சடித்தது. ஆதரவு முடிவதென்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமான வழியில் வருவது நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த அறிவிப்பும், அடிக்கடி எட்டிப்பார்க்கும் ‘அப்டேட்கள் தயார்’ சாளரமும், ‘புதிய வெளியீடு கிடைக்கிறது’ என்ற இன்னொரு சாளரமும் ஏறக்குறைய ஒரே முகத்தோடு வருவதால், எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று பலருக்குத் தெளிவில்லை. அப்டேட்களைத் தவறாமல் போட்டால் தானாகவே புதிய வெளியீட்டுக்குப் போய்விடுவோம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அப்கிரேட் என்றாலே எல்லாம் அழிந்துவிடும் என்று பயந்து ஆறேழு வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

## அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு

உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவற்றை டிஸ்ட்ரோ என்கிறோம். டிஸ்ட்ரோ என்பது ஒற்றை மென்பொருள் கிடையாது; கர்னல் (வன்பொருளை நேரடியாகக் கையாளும் மையப் பகுதி), லைப்ரரிகள் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துண்டுகள்), டெஸ்க்டாப், பிரவுசர் என்று பல்லாயிரம் பேக்கேஜ்களை ஒன்றோடொன்று பொருந்துமா என்று சோதித்துக் கட்டிய ஒரு தொகுப்பு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் மட்டும் ஏறக்குறைய 70,000 பேக்கேஜ்கள் இருக்கின்றன. இவை வைக்கப்பட்டிருக்கும் இணைய இருப்பிடத்துக்குக் களஞ்சியம் என்று பெயர். அந்தத் தொகுப்பை ஒரு கட்டத்தில் உறையவைத்து, எண்ணும் பெயரும் கொடுத்து வெளியிடுவதுதான் ‘வெளியீடு’.

உறைந்த தொகுப்புக்குள் வருபவை அப்டேட்கள். ஒரு பேக்கேஜில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், பொதுவாக அதன் புதிய பதிப்பை அப்படியே கொண்டுவந்து போடமாட்டார்கள். புதிய பதிப்பில் உள்ள திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். உதாரணத்துக்கு, உபுண்டு 22.04-இல் இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பேக்கேஜின் பதிப்பைக் கேட்டால் 3.0.2 என்றுதான் சொல்லும். அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘இவ்வளவு பழையதா, ஆபத்தாயிற்றே’ என்று பதற வேண்டியதில்லை. 3.0.2-க்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நீண்ட வால் எண்தான் திருத்தத்துக்குத் திருத்தம் ஏறும். பிரவுசர் மாதிரி சில மென்பொருள்கள் விதிவிலக்கு; அவற்றுக்கு முழுப் புதிய பதிப்பே வரும்.

அப்கிரேட் என்பது இந்தத் தொகுப்பையே விட்டுவிட்டு அடுத்த தொகுப்புக்குக் குடிபோவது. குழப்பத்துக்குக் கட்டளைகளின் பெயரும் ஒரு காரணம். உபுண்டுவும் சேர்ந்த டெபியன் குடும்பத்தில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி ஆப்ட். அதில் ‘ஆப்ட் அப்டேட்’ எதையும் நிறுவாது, பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். ‘ஆப்ட் அப்கிரேட்’ தினசரி அப்டேட்களைத்தான் போடும். ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என்ற பெயரைக் கேட்டால் முழுசாக மாற்றிவிடும் போலத் தோன்றும். அதுவும் களஞ்சிய முகவரி எந்த வெளியீட்டைக் காட்டுகிறதோ அதற்குள்ளேயேதான் சுற்றும். பெயர் வைத்தவர்களை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் 24.04.1, 24.04.2 போன்ற எண்கள். இவை தனி வெளியீடுகள் இல்லை. அதுவரை வந்த அப்டேட்களைச் சேர்த்துப் புதிதாகச் செய்த நிறுவல் கோப்புகள். 24.04 வைத்திருப்பவர் ஒழுங்காக அப்டேட் போட்டாலே அங்கே வந்துவிடுவார்.

## எண்கள், ஆயுள், தாவும் விதி

உபுண்டுவின் எண் தேதிதான்: 24.04 என்றால் 2024 ஏப்ரல். ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒவ்வொன்று வரும். இரட்டைப்படை ஆண்டு ஏப்ரலில் வருவது நீண்டகால ஆதரவு வெளியீடு, அதாவது எல்டிஎஸ். அதற்கு 5 ஆண்டு ஆதரவு. இடையில் வருபவற்றுக்கு 9 மாதம் மட்டுமே. உபுண்டு ப்ரோ என்ற சந்தாவில் சேர்ந்தால் எல்டிஎஸ்ஸின் ஆயுள் 10 ஆண்டுவரை நீளும். தனிநபருக்கு 5 கணினிகள் வரை அது இலவசம். ஆகவே 20.04-ஐ விட முடியாத நிலையில் இருப்பவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

டெபியன் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆயுள் சுமார் 13 மாதம். லினக்ஸ் மின்ட் உபுண்டுவின் எல்டிஎஸ்மீது கட்டப்படுவதால் அதன் பெரிய தாவல் இரண்டு ஆண்டுக்கு ஒன்று. ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றில் வெளியீடு என்ற கருத்தே கிடையாது. எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதல்ல.

எத்தனை படி தாவலாம் என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்:

1. உபுண்டு எல்டிஎஸ் ஒன்றிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு நேராகப் போகலாம். 20.04-இலிருந்து 24.04-க்கு நேர்வழி இல்லை, 22.04-இல் இறங்கி ஏற வேண்டும்.
2. டெபியனிலும் அப்படியே. 11-இலிருந்து 13-க்குப் போக 12 வழியாகத்தான் பாதை.
3. ஃபெடோராவில் ஒன்றைத் தாண்டலாம். 40-இலிருந்து 42-க்கு நேராகப் போவது அவர்கள் சோதிக்கும் பாதைதான்.
4. மின்ட் 21 தொடரில் இருப்பவர் முதலில் 21.3-க்கு வந்துவிட்டு அப்புறம் 22-க்கு ஏற வேண்டும்.

இந்த விதிகள் சும்மா கண்டிப்புக்காக வைத்தவை அல்ல. ஒரு பேக்கேஜ் பெயர் மாறினால், இரண்டாகப் பிரிந்தால், அமைப்புக் கோப்பின் வடிவம் மாறினால், பழையதைப் புதியதாக மாற்றும் சிறு நிரல் அந்தப் பேக்கேஜுக்குள்ளேயே வரும். அடுத்தடுத்த வெளியீடுகளில் தேவை முடிந்ததும் அதை நீக்கிவிடுவார்கள். நடுப்படியைத் தாண்டினால் அந்த மாற்றம் நடக்காமலேயே போய்விடக்கூடும்.

## பொத்தானை அழுத்தியபின்

உபுண்டுவை எடுத்துக்கொள்வோம், மற்றவற்றிலும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

1. சரிபார்ப்பு. தற்போதைய அப்டேட்கள் எல்லாம் போட்டாயிற்றா, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். வெளிக்களஞ்சியங்கள் சேர்த்திருந்தால் அவற்றை முடக்கிவைக்கும்.

2. முகவரி மாற்றம். களஞ்சியப் பட்டியலில் ‘ஜாமி’ என்று இருக்கும் இடமெல்லாம் ‘நோபிள்’ என்று மாறும். ஜாமி 22.04-இன் செல்லப்பெயர், நோபிள் 24.04-உடையது. பார்க்கப்போனால் அப்கிரேட்டின் மையம் இந்த ஒரு சொல் மாற்றம்தான். டெபியனில் இதை நாமே கையால் செய்கிறோம்.

3. சார்புக் கணக்கு. ஒரு பேக்கேஜ் ஓட இன்னொன்று வேண்டும் என்பதுதான் சார்பு. எதை ஏற்றுவது, எதைப் புதிதாகச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று மொத்தக் கணினிக்கும் இங்கே கணக்குப் போடப்படும். இருப்பதிலேயே சிக்கலான கட்டம் இது. 2024 ஆகஸ்ட் இறுதியில் 24.04.1 வந்து, 22.04 பயனர்களுக்கு அப்கிரேட் திறந்துவிடப்பட்டது. ஏற்றும் கருவி இந்தக் கணக்கைக் கையாளும் விதத்தில் பிழை இருப்பது தெரிந்ததும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். கணக்கு முடிந்ததும் திரையில் ஒரு தொகை வரும்: இத்தனை நீங்கும், இத்தனை சேரும், இத்தனை மாறும். எல்லோரும் படிக்காமல் ‘சரி’ அழுத்துவது இங்கேதான். நீங்கும் பட்டியலை மட்டுமாவது திறந்து பாருங்கள். அதில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரே இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இதுவரை எந்தப் பேக்கேஜும் மாறவில்லை.

4. இறக்குதல், பிரித்து வைத்தல். எல்லாம் இறங்கியபின் கோப்புகள் மாறத் தொடங்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கால்களை நீங்கள் எழாமலேயே மாற்றுகிற வேலை இது. லினக்ஸில் இது முடிவதற்குக் காரணம், கோப்பின் பெயரும் அதன் உள்ளடக்கமும் தனித்தனியாக இருப்பது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய உள்ளடக்கத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்; அதே பெயரில் புதியது வந்து உட்காரும். நிரல் மூடியபிறகுதான் பழையது உண்மையில் போகும். அதனால்தான் நடுவில் புதிதாக ஒரு செயலியைத் திறந்தால் பாதி பழசும் பாதி புதுசுமாக விசித்திரமாக நடந்துகொள்ளும். எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரியும், பிரவுசரில் புதிய தாவல் திறக்காது. பயப்பட வேண்டாம், எதையும் தொடவும் வேண்டாம். ஃபெடோரா இந்தத் தலைவலியே வேண்டாமென்று எல்லாவற்றையும் இறக்கிவைத்துக்கொண்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, வேறெதுவும் ஓடாத நிலையில் நிறுவுகிறது. டெஸ்க்டாப்புக்கு அதுவே நல்ல முறை என்பது என் எண்ணம்.

5. துப்புரவும் மறுதொடக்கமும். யாருக்கும் தேவைப்படாத பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்று கேட்கும். புதிய கர்னலோடு கணினி எழும்.

## நடுவில் வரும் அந்தக் கேள்வி

நாலாவது கட்டத்தின் நடுவே, தேநீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, ஒரு கேள்வி வந்து எல்லாம் நின்றிருக்கும். ஏதோ ஓர் அமைப்புக் கோப்பின் பெயரைச் சொல்லி, ‘இதை நிறுவியபின் நீங்களோ ஒரு நிரலோ மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜை உருவாக்கியவரும் புதிய பதிப்பு தந்திருக்கிறார், என்ன செய்யட்டும்?’ என்று கேட்கும். ஒய் என்றால் புதியது, என் என்றால் உள்ளதே இருக்கட்டும், டி என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டு. வெறுமனே எண்டர் தட்டினால் உள்ளதே இருக்கும். சாளரம் வழியாக ஏற்றினால் இதே கேள்வி ‘மாற்று’, ‘வைத்திரு’ என்ற பொத்தான்களாக வரும்.

முதலில் டி. வேறுபாடு திரையில் ஓடும். கழித்தல் குறியோடு வருவது உங்களிடம் இருப்பது, கூட்டல் குறியோடு வருவது புதியது. நீங்கள் எழுதிய வரி என்று அடையாளம் தெரிந்தால் என். பார்த்ததாகவே நினைவில்லாத கோப்பு என்றால் ஒய். தவறாக அழுத்திவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. பழையதை வைத்துக்கொண்டால் புதியது ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலோடு பக்கத்திலேயே இருக்கும். புதியதை ஏற்றால் பழையது ‘டிபிகேஜி-ஓல்ட்’ என்ற வாலோடு இருக்கும். ஃபெடோராவில் கேள்வியே வராது. ‘ஆர்பிஎம்நியூ’, ‘ஆர்பிஎம்சேவ்’ என்ற வால்களோடு கோப்புகளை விட்டுச்செல்லும், நாம்தான் பின்னால் தேடிப் பார்க்க வேண்டும்.

## உடைவது எது?

இதுவரை சொன்னதெல்லாம் தொகுப்புக்கு உள்ளே இருப்பவை பற்றி. டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்து மட்டும் மென்பொருள் எடுத்து, எதையும் திருத்தாமல் வைத்திருந்த கணினியில் அப்கிரேட் பெரும்பாலும் ஓசையில்லாமல் முடிந்துவிடும். பிரச்சினை வருவது நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவற்றால்தான். அந்தப் புதிய தொகுப்பை உருவாக்கியவர்கள் உங்கள் கணினியில் அவை இருக்கும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பிபிஏக்கள், வெளிக்களஞ்சியங்கள். பிபிஏ என்பது தனிநபரோ குழுவோ உபுண்டுவுக்காக நடத்தும் களஞ்சியம். கிராஃபிக்ஸ் லைப்ரரியின் புதிய பதிப்பு வேண்டுமென்று ஒரு பிபிஏ சேர்த்திருப்பீர்கள். அப்கிரேட்டின்போது அந்தக் களஞ்சியம் முடக்கப்படும். ஆனால் அதிலிருந்து வந்த பேக்கேஜ் உள்ளேயே இருக்கும். அதன் எண் புதிய வெளியீட்டில் உள்ளதைவிடப் பெரியது என்றால், ‘என்னிடம் இருப்பதே புதியது’ என்று நினைத்து ஆப்ட் அதைத் தொடாது. அதை நம்பி நிற்கும் மற்றவையோ புதிய தொகுப்பின் பதிப்பைக் கேட்கும். சார்புக் கணக்கு அங்கே முட்டி நிற்கும். ஏற்றுவதற்கு முன் ‘பிபிஏ-பர்ஜ்’ என்ற கருவியால் அந்தப் பேக்கேஜ்களை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு இறக்கிவிட்டால் இது வராது. களஞ்சியத்தைப் பட்டியலிலிருந்து அழிப்பது மட்டும் போதாது.

என்விடியா டிரைவர். கர்னலுக்குள் செருகி ஓடும் துண்டை மாட்யூல் என்பார்கள். கர்னலின் உள் இடைமுகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மாறாமல் வைத்திருப்போம் என்று கர்னல்காரர்கள் வாக்குக் கொடுப்பதே இல்லை. எனவே வெளியிலிருந்து வரும் மாட்யூல் ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். பழைய கிராஃபிக்ஸ் அட்டைக்கான டிரைவர் தொடரை நிறுவனம் கைவிட்டிருந்தால் புதிய கர்னலில் அது கட்டப்படாது. கறுப்புத் திரைதான் மிச்சம். இந்த நேரத்தில், கணினி எழும்போது எந்தக் கர்னல் என்று தேர்வுசெய்யும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக முடியும் என்பது தெரிந்திருந்தால் பாதி பதற்றம் குறையும். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸின் திறந்தமூல டிரைவர்கள் கர்னலோடேயே வருவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

பைத்தான் சூழல்கள். 22.04-இல் பைத்தான் 3.10, 24.04-இல் 3.12. திட்டத்துக்கென்று தனியாக உருவாக்கிய மெய்நிகர் சூழல், கணினியின் பைத்தானைச் சுட்டிக்கொண்டுதான் இருக்கும். அது மாறியதும் உள்ளே நிறுவிய எதுவும் கிடைக்காது. பழுதுபார்க்க முயல்வதைவிட அழித்துவிட்டுத் தேவைப்பட்டியலிலிருந்து மறுபடி உருவாக்குவது ஐந்து நிமிட வேலை. பட்டியலை ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே, 23.04 முதல் கணினியின் பைத்தானுக்குள் ‘பிப்’ என்ற பைத்தான் நிறுவல் கருவி வழியாக நேராக நிறுவ உபுண்டு விடுவதில்லை. அது பிழையல்ல, தெரிந்தே போட்ட பூட்டு.

க்னோம் எக்ஸ்டென்ஷன்கள். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் 45-ஆம் பதிப்பில், அதாவது 2023 செப்டம்பரில், எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையே மாறியது. அதற்கு முன் எழுதியவை திருத்தாமல் ஓடாது. ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் அணைத்துவைத்து, பின்னால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

எக்ஸ் போய் வேலேண்ட். திரையில் வரையும் அடிப்படை அமைப்பு மாறிக்கொண்டிருக்கிறது. உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு எக்ஸ் அமர்வே கிடையாது. எக்ஸை நம்பி எழுதப்பட்ட பழைய திரைப்பதிவுக் கருவி, விசைகளை மாற்றும் கருவி, தொலைவிலிருந்து திரையைக் கையாளும் செயலி ஆகியவை நிறுவியபடியே இருந்தும் வேலை செய்யாமல் போகலாம். தமிழ் உள்ளீட்டு முறையையும் முன்கூட்டியே சோதித்துவிடுவது நல்லது.

நிரம்பிய பூட் பகிர்வு. வட்டை மறையாக்கம் செய்து நிறுவியவர்களிடம் பூட் பகுதி, அதாவது கணினி எழத் தேவையான கோப்புகள் இருக்கும் இடம், சிறிய தனிப் பகிர்வாக (வட்டின் தனித் துண்டாக) இருக்கும். இரண்டு மூன்று பழைய கர்னல்களே அதை நிரப்பிவிடும். புதிய கர்னலின் தொடக்கக் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் இடம் தீர்ந்தால் கணினி எழாமலே போகலாம். முன்னதாக ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ ஓட்டி இடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லாமே சத்தம் போட்டு உடைவதும் இல்லை. டெபியன் 12-இல், வைஃபை சில்லு போன்றவற்றுக்கான மூடிய ஃபர்ம்வேர்களை, அதாவது சில்லுக்குள் ஓடும், மூலநிரல் வெளியிடப்படாத சிறு மென்பொருள்களை, களஞ்சியத்தின் தனிப் பிரிவுக்கு மாற்றினார்கள். 11-இலிருந்து ஏறியவர் களஞ்சியப் பட்டியலில் அந்தப் பிரிவைச் சேர்க்கவில்லை என்றால், வைஃபை வேலை செய்துகொண்டே இருக்கும். ஃபர்ம்வேருக்கு மட்டும் புதிய பதிப்பு வராது. வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தவருக்குத்தான் இது தெரிந்திருக்கும்.

## பின்னே போகும் பாதை

24.04 பிடிக்கவில்லை, 22.04-க்கே போகிறேன் என்றால் அதற்குப் பொத்தான் கிடையாது. பேக்கேஜ்களை முன்னோக்கி நகர்த்தும் நிரல்கள்தான் எழுதப்படுகின்றன, பின்னோக்கி நகர்த்த யாரும் எழுதுவதில்லை. உங்கள் வீட்டுக் கோப்புறையிலும் அதே கதை: புதிய பயர்பாக்ஸ் ஒருமுறை திறந்த புரோஃபைலைப் பழைய பயர்பாக்ஸ் அப்படியே ஏற்காது, புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லும்.

அதனால் முன்னேற்பாடு இரண்டு வேண்டும். ஒன்று, சொந்தக் கோப்புகளின் பேக்கப், கணினியிலிருந்து கழற்றி வைக்கக்கூடிய வட்டில். இரண்டு, கணினி நிலையின் படம், அதாவது ஸ்னாப்ஷாட். டைம்ஷிஃப்ட் என்ற கருவி இதைச் செய்யும். மின்ட்டின் அப்கிரேட் கருவி ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லியே நிற்கும். டைம்ஷிஃப்ட் இயல்பாக வீட்டுக் கோப்புறையைத் தொடாது. ‘டைம்ஷிஃப்ட் எடுத்துவிட்டேன், போட்டோக்கள் பத்திரம்’ என்று நினைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் அதே வட்டில் இருந்தால், வட்டு போகும்போது அதுவும் சேர்ந்து போகும்.

முன்கூட்டிப் பார்க்க இன்னொரு வழி, புதிய வெளியீட்டை யூஎஸ்பியில் எழுதி, நிறுவாமலே இயக்குவது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடிவைத்துத் திறந்தால் விழிக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்கிரேட் பாதியில் கவிழ்ந்தாலும் உள்ளே நுழைந்து கோப்புகளை மீட்க அதே யூஎஸ்பிதான் உதவும்.

## ஏற்றுவதா, புதிதாக நிறுவுவதா?

வெளிக்களஞ்சியங்களின் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால், எதற்காகச் சேர்த்தோம் என்று நினைவும் இருந்தால், ஏற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு இருந்து பாதி எதற்கென்றே தெரியாவிட்டால் சுத்தமாக நிறுவுவதே நேரம் மிச்சம். இரண்டு படி தாவ வேண்டியவருக்கும் பெரும்பாலும் அதையே சொல்வேன். ஒவ்வொரு படியிலும் இதே சோதனைகளைச் செய்ய வேண்டியிருக்கும். வீட்டுக் கோப்புறை தனிப் பகிர்வில் இருந்தால் இன்னும் எளிது, ஆனால் நிறுவும்போது அந்தப் பகிர்வை ஃபார்மட் செய்யும் குறி விழாமல் இருக்கிறதா என்று இருமுறை பார்க்க வேண்டும்.

## எப்போது?

உபுண்டு எல்டிஎஸ் பயனருக்கு இதில் பாதியை உபுண்டுவே முடிவு செய்துவிடுகிறது. புதிய எல்டிஎஸ் ஏப்ரலில் வந்தாலும், முதல் திருத்த வெளியீடான .1 வரும்வரை பழைய எல்டிஎஸ்ஸில் அப்கிரேட் அறிவிப்பு தோன்றாது. அவசரப்பட்டுக் கட்டாய வழியில் முன்னால் ஏறுவதில் லாபம் எதுவும் இல்லை; .1 வந்தும் சில வாரம் பொறுக்கலாம் என்பதற்கு 2024-இல் நடந்ததே சாட்சி.

மறு எல்லையில் தாமதித்தாலும் தொல்லைதான். 9 மாத வெளியீடு ஒன்றில் ஆயுள் முடிந்தும் இருந்துவிட்டால், கொஞ்ச காலத்தில் அதன் பேக்கேஜ்களை முதன்மைக் களஞ்சியத்திலிருந்து பழைய வெளியீடுகளுக்கான காப்பகத்துக்கு நகர்த்திவிடுவார்கள். அப்டேட் போட்டால் வரிசையாக 404 பிழைகள் வரும். கணினி கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். களஞ்சிய முகவரியைக் காப்பகத்துக்கு மாற்றினால் அங்கிருந்து அப்டேட்களை முடித்து மேலேற முடியும்.

ஏறி முடித்த அன்றே முடக்கப்பட்ட வெளிக்களஞ்சியங்களை மொத்தமாகத் திரும்ப இயக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் இணையதளத்திலும் புதிய வெளியீட்டின் பெயரில் கோப்புறை வந்துவிட்டதா என்று பார்த்து, வந்தவற்றை மட்டும், முகவரியில் ஜாமி என்பதை நோபிள் என்று மாற்றி இயக்குங்கள். சில களஞ்சியங்கள் வர மாதக்கணக்கு ஆகும். சில வராமலே போகும். அந்த மென்பொருள் இப்போது உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே போதுமான பதிப்பில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு அந்த வரியை அழித்துவிடலாம்.